விரலில் 94, ஆனாலும் மயக்கம்

கொரோனாவுக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் பல்ஸ் ஆக்சிமீட்டர் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. விரலில் மாட்டிய சில நொடிகளில் எண் வந்துவிடும். 94, 95 என்றால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் நெடுநாள் இளைப்பு நோயாளி இருக்கும் வீடுகளில் அந்த நிம்மதி சில நேரம் ஏமாற்றிவிடுகிறது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்கிறது. எண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பெரியவர் சாயங்காலத்திலிருந்து தூங்கி வழிகிறார். தலை வலிக்கிறது என்கிறார். பேச்சு குழறுகிறது. உலுக்கினாலும் சரியாகக் கண் திறப்பதில்லை. அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் மருத்துவர் ஆக்சிஜனைக் கூட்டுவதற்குப் பதில் குறைக்கிறார்.

மூச்சுக்குத் திண்டாடுபவருக்கு ஆக்சிஜனை ஏன் குறைக்க வேண்டும்? எண் சரியாக இருக்கும்போது மயக்கம் எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை தேடிப் போனால் ஒரு விசித்திரமான கருவியிடம் வந்து சேர்வோம். நோயாளியின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, அதிலுள்ள கரியமில வாயுவை நீக்கிவிட்டு, திரும்ப உடலுக்குள் அனுப்பும் கருவி அது. அதன் அறிவியல் தெளிவானது. அது வேலை செய்கிறது என்பதிலும் சந்தேகமில்லை. அப்படியிருந்தும் அதன் சந்தை எழும்பாமல் தடுமாறுகிறது. ஏன் என்று பார்ப்போம். முதலில், அந்த வாயு எங்கிருந்து வருகிறது?

அளவீட்டு நிலையம் அளக்காத வாயு

தில்லியின் மந்திர் மார்க்கைத் தமிழர்கள் பலர் அறிவார்கள். பிர்லா மந்திர் என்ற லட்சுமி நாராயணன் கோயில் இருக்கும் சாலை அது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் அங்கே இருக்கிறது. தலைநகரின் காற்றைப் பின்தொடர்பவர்களுக்கு அந்தப் பெயர் இன்னொரு விதத்திலும் பழக்கம். தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் காற்றுத்தர அளவீட்டு நிலையங்களில் ஒன்று மந்திர் மார்க்கில் இருக்கிறது. நவம்பர் வந்துவிட்டால் அந்த நிலையத்தின் எண்களும் செய்தியாகும்.

நம் நாட்டின் காற்றுத்தரக் குறியீடு 8 மாசுகளைக் கணக்கில் கொள்கிறது: இரண்டு அளவு நுண்துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். இந்தப் பட்டியலில் கரியமில வாயு இல்லை. இல்லாததில் தவறும் இல்லை. தெருவில் இருக்கும் அளவு கரியமில வாயு யாரையும் மூச்சுத் திணற வைப்பதில்லை. இளைப்பு நோயாளியை மயக்கத்தில் தள்ளும் கரியமில வாயு தெருவிலிருந்து வருவதல்ல. அவர் உடலே உண்டாக்குவது. தெருவின் நுண்துகளும், விறகடுப்பின் புகையும், பீடியும் ஆண்டுக்கணக்கில் நுரையீரலைச் சிதைத்துவிடுவதால் அவரால் அதை வெளியேற்ற முடியவில்லை.

இந்தச் சிதைவுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று பெயர். மருத்துவமனைகளில் சிஓபிடி என்பார்கள். 2016ஆம் ஆண்டு இந்தியாவில் சுமார் 5 கோடியே 53 லட்சம் பேருக்கு இது இருந்ததாக 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. 1990இல் அந்த எண்ணிக்கை 2 கோடியே 81 லட்சம். இந்நோயால் இழக்கும் ஆரோக்கிய வாழ்நாட்களில் 53.7 விழுக்காட்டைக் காற்று மாசோடும், 25.4 விழுக்காட்டைப் புகையிலையோடும் அதே ஆய்வு சேர்த்துக் காட்டியது. மந்திர் மார்க்குக்கு அருகில் உள்ள ராம் மனோகர் லோகியா மருத்துவமனை 2023இல் மாசு தொடர்பான நோய்களுக்கென்றே தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கியது.

மூச்சின் இரண்டாவது வேலை

மூச்சுக்கு இரண்டு வேலைகள். ஆக்சிஜனை உள்ளே கொண்டுவருவது ஒன்று, கரியமில வாயுவை வெளியேற்றுவது மற்றொன்று. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் முதல் வேலையை மட்டும்தான் பார்க்கிறது. இரண்டாவது வேலை எப்படி நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதை அறியத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏபிஜி என்று சொல்வது இந்தச் சோதனையைத்தான்.

ஆரோக்கியமானவரின் தமனி ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் பாதரச அளவில் 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை இருக்கும். அது 80ஐத் தொடும்போது ரத்தம் அமிலத்தன்மை அடைகிறது, மூளை மந்தமாகிறது. தலைவலி, குழப்பம், தூக்கம், பிறகு நினைவிழப்பு. இந்த நேரத்தில் ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம். பழுதடைந்த நுரையீரல் தன்னிடம் மிஞ்சியிருக்கும் நல்ல பகுதிகளுக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்டுச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. அளவுக்கு மீறிய ஆக்சிஜன் அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடுகிறது. அதனால்தான் சிஓபிடி நோயாளிக்கு மருத்துவர்கள் 88 முதல் 92 விழுக்காடு வரையிலான ஆக்சிஜன் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டாரைக் குழப்பிய கேள்விக்கு இதுதான் விடை: விரலில் தெரிந்த 94 ஆக்சிஜனின் கணக்கு, மயக்கம் கரியமில வாயுவின் கணக்கு.

நுரையீரலால் வெளியேற்ற முடியாததை வேறு வழியில் வெளியேற்ற முடியுமா? சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து அனுப்புகிறோமே, அதே போல?

கொஞ்சம் ரத்தமே போதும்

எக்மோ என்ற சொல்லைத் தமிழ்நாடு 2016 டிசம்பரில் ஜெயலலிதா அப்போலோவில் இருந்தபோது கேட்டது. 2020இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் வாரக்கணக்கில் அந்தக் கருவியோடு இருந்தபோது மறுபடி கேட்டது. உடலின் ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி அது. அதற்கு நிமிடத்துக்கு 4, 5 லிட்டர் ரத்தம் ஓட வேண்டும். விரல் பருமனுக்குக் குழாய்கள் வேண்டும். இரவும் பகலும் கண் கொட்டாமல் பார்த்துக்கொள்ள ஒரு குழு வேண்டும்.

கரியமில வாயுவை மட்டும் நீக்க இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. இரண்டு வாயுக்களும் ரத்தத்தில் பயணம் செய்யும் விதம் வேறு என்பதே காரணம். ஆக்சிஜன் பெரும்பாலும் ஹீமோகுளோபினில் அமர்ந்துதான் போகும், இருக்கை எண்ணிக்கைக்கு மேல் ஆளேற்றாத பேருந்து போல. உடலைச் சுற்றிவிட்டுத் திரும்பும் ரத்தத்திலும் முக்கால்வாசி இருக்கைகள் நிரம்பியே இருக்கும். லிட்டருக்கு 50 மில்லிலிட்டர் அளவுதான் புதிதாக ஏற்ற இடமிருக்கும்.

கரியமில வாயுவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதன் பெரும்பகுதி நீரோடு சேர்ந்து பைகார்பனேட் என்ற உப்பு வடிவில் ரத்தத்தில் கரைந்து கிடக்கிறது. உடலைச் சுற்றி வரும் ஒவ்வொரு லிட்டர் ரத்தத்திலும் சுமார் 500 மில்லிலிட்டர் இருக்கும். நுரையீரல் அதிலிருந்து லிட்டருக்கு 40 மில்லிலிட்டர் மட்டுமே எடுக்கிறது. மீதியைத் தொடுவதே இல்லை. ஆகவே சிறிதளவு ரத்தத்தைப் பிடித்து அதிலிருந்து ஆழமாக எடுத்தால் போதும்.

கருவிக்குள் நடப்பது இதுதான். முடி போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் கட்டாக இருக்கின்றன. குழல்களுக்கு வெளியே ரத்தம் ஓடுகிறது; உள்ளே கரியமில வாயு இல்லாத காற்றோ ஆக்சிஜனோ வீசிக்கொண்டே இருக்கிறது. குழலின் சுவர் வாயுவை விடும், ரத்தத்தை விடாது. மிகுதியாக இருக்கும் ரத்தத்திலிருந்து கரியமில வாயு குழலுக்குள் புகுந்து வெளியேறிவிடுகிறது. மருத்துவர்கள் இதை உடல்வெளிக் கரியமில வாயு நீக்கம் என்கிறார்கள். கருவியை நாம் சுருக்கமாக நீக்கி என்போம்.

ஒரு நோயாளி, ஒரு கணக்கு

கற்பனையாக ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 62, பல ஆண்டுகளாகச் சிஓபிடி. படுத்திருக்கும் நிலையில் அவர் உடல் நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் கரியமில வாயுவை உண்டாக்குகிறது. பெரியவர்களுக்குப் பொதுவாக இருக்கும் அளவு இது. அந்த 200ஐயும் அவர் நுரையீரலே தள்ளியாக வேண்டும். சிதைந்த நுரையீரலால் தேவையான காற்றில் பாதியைத்தான் உள்ளும் புறமும் நகர்த்த முடிகிறது. எனவே ரத்தத்தில் கரியமில வாயு தேங்குகிறது. 40 இருக்க வேண்டிய அழுத்தம் 80இல் போய் நிற்கிறது.

இப்போது அவர் கழுத்துச் சிரையிலோ தொடைச் சிரையிலோ 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு குழாயைச் செலுத்துகிறோம். டயாலிசிஸ் செய்யப் போடும் குழாயைப் போன்றதுதான். அதன் வழியாக நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டர் ரத்தம் நீக்கிக்குள் போய் வருகிறது. லிட்டருக்கு 200 மில்லிலிட்டர் வீதம் எடுத்தால், 400 மில்லிலிட்டர் ரத்தத்திலிருந்து நிமிடத்துக்கு 80 மில்லிலிட்டர் கரியமில வாயு வெளியேறுகிறது. இன்றைய கருவிகளால் இது முடியும்.

நுரையீரலுக்கு மிஞ்சும் வேலை 200இல் 80 போக 120. மூச்சின் அளவு மாறாமல் இருந்தால், ரத்தத்தில் தேங்கும் அழுத்தம் வேலையின் அளவோடு சேர்ந்தே குறையும். 200க்கு 80 என்றால் 120க்கு 48. ஆபத்தான எண் இயல்புக்கு அருகில் வந்துவிட்டது. நடைமுறையில் நோயாளி இந்தச் சலுகையில் கொஞ்சத்தை ஓய்வுக்குச் செலவிடுவார்: மூச்சின் வேகம் குறையும், களைத்துப்போன மார்புத் தசைகள் ஆறும். எண் 48க்கு வராமல் 55இல் நிற்கலாம். அதுவும் நல்லதே.

இதே 400 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றினால் என்ன கிடைக்கும்? லிட்டருக்கு 50 என்ற கணக்கில் 20 மில்லிலிட்டர். உடலுக்கு நிமிடத்துக்கு வேண்டியது 250. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நீக்கி எக்மோவின் சின்னத் தம்பி அல்ல. செய்யும் வேலையே வேறு.

ஆட்டுக்குட்டிகள் சொன்ன செய்தி

இந்தக் கணக்கை உயிருள்ள உடலில் முதலில் காட்டியவர்கள் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிலையத்தின் தியோடர் கோலோபோவும் இத்தாலியின் லூசியானோ கட்டினோனியும். 1977இல் வெளியிட்ட ஆய்வில் அவர்கள் ஆட்டுக்குட்டிகளின் ரத்தத்திலிருந்து கரியமில வாயுவைப் படிப்படியாக நீக்கினார்கள். நீக்க நீக்கக் குட்டிகள் மூச்சைக் குறைத்துக்கொண்டே வந்தன. உடல் உண்டாக்கும் அளவு முழுவதையும் கருவியே எடுத்தபோது மூச்சு விடுவதையே நிறுத்தின. ஆக்சிஜன் கிடைத்துக்கொண்டிருந்ததால் அவற்றுக்கு ஆபத்து நேரவில்லை. மூச்சின் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது கரியமில வாயுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கட்டினோனி மிலனுக்குத் திரும்பி, கடுமையான நுரையீரல் செயலிழப்பு நோயாளிகள் 43 பேருக்கு இந்த முறையைக் கையாண்டார். 1986இல் வந்த அறிக்கையில் 21 பேர் பிழைத்திருந்தார்கள். அத்தகைய நோயாளிகளில் பெரும்பாலானோர் இறந்துகொண்டிருந்த காலம் அது. மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

கருவி வென்றது, நோயாளி?

நம்பிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அதைச் சோதிக்க ஒரே வழிதான் உண்டு. ஒத்த நிலையில் இருக்கும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கருவியும் மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சையும் தர வேண்டும். 1994இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆலன் மோரிஸ் குழு 40 நோயாளிகளிடம் அதைச் செய்தது. கருவிப் பிரிவில் பிழைத்தவர்கள் 33 விழுக்காடு, மற்றப் பிரிவில் 42. வழக்கமான சிகிச்சையே அதற்குள் மேம்பட்டுவிட்டிருந்தது. பழைய தோல்விகளோடு ஒப்பிட்டபோது பெரிதாகத் தெரிந்த வெற்றி, சமகாலச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது மறைந்துபோனது.

கருவிகள் சிறிதானதும் மறுபடி முயன்றார்கள். பிரிட்டனில் 51 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து நடத்திய ரெஸ்ட் ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. வென்டிலேட்டரில் இருப்பவர்களின் கரியமில வாயுவை நீக்கி எடுத்துக்கொண்டால், வென்டிலேட்டர் இன்னும் மென்மையாகக் காற்றைச் செலுத்தலாம். நுரையீரல் காயப்படாது என்பது எண்ணம். 1,120 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டார்கள். 412 பேரோடு நிறுத்தினார்கள். 90 நாட்களில் இறந்தவர்கள் கருவிப் பிரிவில் 41.5 விழுக்காடு, வழக்கமான சிகிச்சையில் 39.5. மூளைக்குள் ரத்தக்கசிவு கருவிப் பிரிவில் 9 பேருக்கு நேர்ந்தது, மறுபுறம் ஒருவருக்கும் இல்லை.

ரத்தக்கசிவுக்குக் காரணம் இருக்கிறது. உடலுக்கு வெளியே போன ரத்தம் பிளாஸ்டிக்கைத் தொட்டதும் உறையத் தொடங்கும். மெதுவாக ஓடும்போது உறைவது இன்னும் எளிது. குறைந்த ரத்தமே போதும் என்று நாம் பாராட்டிய அதே குணம் இங்கே எதிராகத் திரும்புகிறது. உறையாமலிருக்க ஹெப்பாரின் என்ற மருந்தைக் கொடுத்தாக வேண்டும். ஹெப்பாரின் கருவியில் உறைதலைத் தடுக்கும்போது மூளையிலும் குடலிலும் கசிவுக்கு வழி திறக்கிறது. இந்த முடிச்சை இன்னும் யாரும் முழுதாக அவிழ்க்கவில்லை.

சிஓபிடி நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்த வென்ட்-அவாய்ட் ஆய்வும் 113 பேரோடு முன்கூட்டியே நின்றது. வென்டிலேட்டர் இல்லாமல் கழிந்த நாட்களைக் கருவி கூட்டவில்லை.

ஒரு நிறுவனத்தின் வழி

இந்த ஆய்வுகளுக்குப் பின்னால் ஒரு சந்தை காத்திருந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பிராக் ஹாட்லரும் வில்லியம் ஃபெடர்ஸ்பீலும் 1997இல் தொடங்கிய ஏலங் நிறுவனம் ஹீமோலங் என்ற நீக்கியை உருவாக்கியது. நிமிடத்துக்கு 350 முதல் 550 மில்லிலிட்டர் ரத்தத்தில் வேலை செய்யும் கருவி. ஐரோப்பிய அனுமதி 2013இல் கிடைத்தது. கொரோனாவின்போது 2020இல் அமெரிக்காவில் அவசர அனுமதி, 2021இல் முறையான அனுமதி. 2022இல் லிவாநோவா நிறுவனம் ஏலங்கை வாங்கியது. உடனடி விலை ஒரு கோடி டாலர். மீதி எல்லாம் இனி அடையப்போகும் இலக்குகளைப் பொறுத்தது. 2024 ஜனவரியில் லிவாநோவா அந்தப் பிரிவையே மூடப்போவதாக அறிவித்தது. அனுமதிகள் கிடைத்தன, ஆனால் பயன் நிரூபணமாகவில்லை. நிரூபணமில்லாத கருவிக்குக் காப்பீட்டாளர் பணம் தரத் தயங்குவார். மருத்துவர் கை வைக்கத் தயங்குவார்.

வேறு நிறுவனங்கள் வேறு வழியில் வந்தன. டயாலிசிஸ் இயந்திரங்களை விற்றுக்கொண்டிருந்த பேக்ஸ்டர், அவற்றின் குழாய்ப் பாதையிலேயே பொருத்திக்கொள்ளும் பிரிஸ்மாலங் என்ற வடிகட்டியைக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் நோவாலங்கை உள்ளடக்கிய ஜீனியோஸ் நிறுவனத்தை 2016இல் டயாலிசிஸ் உலகின் பெருநிறுவனமான ஃபிரெசீனியஸ் வாங்கியது. இயந்திரம் ஏற்கெனவே வார்டில் இருக்கிறது, செவிலியருக்கும் பழக்கம் இருக்கிறது என்பது இவர்களின் கணக்கு. இயந்திரத்தை ஒருமுறை வாங்கினால் போதும். வடிகட்டியும் குழாயும் ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக வேண்டும். வருமானம் அங்கிருந்துதான் வரும்.

சந்தையைக் கணிப்பவர்கள் கோடிக்கணக்கான சிஓபிடி நோயாளிகளைக் காட்டி வளர்ச்சி வரப்போகிறது என்கிறார்கள். அந்தக் கோடிகளில் பெரும்பாலானோருக்கு நீக்கி ஒருபோதும் தேவைப்படாது. கரியமில வாயு தேங்கி மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு முதல் சிகிச்சை முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றுத் தரும் பைபாப். லோரான் ப்ரோஷார் குழு 1995இல் வெளியிட்ட ஆய்வில், முகமூடிச் சிகிச்சை பெற்றவர்களில் தொண்டைக்குள் குழாய் தேவைப்பட்டது 26 விழுக்காட்டினருக்கு. பெறாதவர்களில் 74 விழுக்காட்டினருக்கு. இறந்தவர்கள் 9 விழுக்காடு, 29 விழுக்காடு. முகமூடி தோற்றவர்களிலும், ரத்தக்கசிவு ஆபத்து குறைந்தவர்களுக்கு மட்டுமே, பயிற்சி பெற்ற குழு உள்ள இடத்தில் நீக்கியை யோசிக்க முடியும். நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று, கருவியால் பயன்பெறக்கூடியவர்களின் எண்ணிக்கை முற்றிலும் வேறு.

இந்தியாவுக்கு எது முதலில்

2010இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் வந்த ஓர் ஆய்வை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஆம்புலன்சில் மூச்சுத்திணறலோடு வந்த 405 பேரில் ஒரு சாராருக்கு ஆக்சிஜனை வழக்கம்போல் தாராளமாகக் கொடுத்தார்கள். மறு சாராருக்கு 88 முதல் 92 விழுக்காட்டுக்குள் நிற்கும்படி அளந்து கொடுத்தார்கள். சிஓபிடி உறுதியானவர்களில் தாராளமாகப் பெற்றவர்கள் 9 விழுக்காடு இறந்தார்கள். அளந்து பெற்றவர்களில் 2 விழுக்காடு. செலவு ஏதுமில்லை, திருகைச் சரியாகத் திருப்பியதுதான் சிகிச்சை. உலகின் மிக நுட்பமான நீக்கிகள் இதுவரை காட்ட முடியாத பயனை அது காட்டியது.

இதனால் நீக்கி வீண் என்று ஆகிவிடாது. நுரையீரல் மாற்றுக்குக் காத்திருப்பவர்கள், முகமூடியும் பலனளிக்காமல் தொண்டைக்குழாயின் விளிம்பில் நிற்பவர்கள் என்று அதற்கான நோயாளிகள் இருக்கலாம். அவர்களைத் துல்லியமாக அடையாளம் காண ஆய்வு வேண்டும். ரத்தம் உறையாத பரப்புகள் வந்தால் கணக்கு மாறும். அந்தப் பொருளறிவியல் ஆராய்ச்சியில் நமக்குப் பங்கு இருக்க முடியும். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டிடிகே நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய பின் அது இறக்குமதி வால்வுகளைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. ரத்தத்தோடு பழகும் பொருட்களை வடிவமைக்கும் அறிவு இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்காவுக்கும் அனுமதி இருக்கிறது.

2023 அக்டோபர் முதல் அதிக ஆபத்துள்ள மருத்துவக் கருவிகளுக்கும் இந்தியாவில் உரிமம் கட்டாயம். உரிமம் கருவியின் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்கிறது. எந்த நோயாளிக்கு அது உயிர் தருகிறது என்பதை உரிமத்தால் மட்டும் சொல்ல முடியாது. அதைச் சொல்லவேண்டியது ஆய்வு. நீக்கியை இங்கே கொண்டுவர விரும்பும் மருத்துவமனை, அதை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்த ஆய்வாகவே தொடங்க வேண்டும். ஒவ்வொரு நோயாளியின் முடிவையும், கெட்ட முடிவுகள் உட்பட, வெளியிட வேண்டும்.

பணத்தை எதற்கு முதலில் செலவிடுவது என்ற வரிசை தெளிவாகவே இருக்கிறது. மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இரவிலும் செய்யக்கூடிய ஏபிஜி சோதனை. முகமூடியைச் சரியாகப் பொருத்தத் தெரிந்த செவிலியரோடு பைபாப். ஆம்புலன்சில் அளந்து கொடுக்கும் ஆக்சிஜன். புகையில்லா அடுப்பு, துகள் குறைந்த தெரு. இவை ஒவ்வொன்றும் நீக்கி தேவைப்படும் நிலைக்கு நோயாளி வந்து சேராமல் தடுக்கின்றன. இவற்றையும் மீறி வந்து சேர்பவருக்காகச் சில மையங்களில் நீக்கி இருக்கட்டும். அது அவரைப் பிழைக்க வைக்கிறது என்று நாமே எண்ணிப் பார்த்து உறுதி செய்த பிறகு மற்ற ஊர்களுக்கும் போகட்டும்.